புதன்கிழமையைத் தமிழில் காட்டும் மணிக்கூடு

கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த அண்ணா, அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு கொண்டுவந்து கொடுத்தார். நடந்த அடிகளை எண்ணும், இதயத் துடிப்பைக் காட்டும், கைத்தொலைபேசிக்கு அழைப்பு வந்தால் அதிரும். இரண்டு நாள் கட்டியிருந்துவிட்டு அம்மா அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். காரணம் கேட்டேன். "நேரம் விளங்குது பிள்ளை. இண்டைக்கு என்ன கிழமை எண்டுதான் விளங்கேல்லை" என்றார்.

சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் மூட்டுவாதத்துக்காக அம்மா எடுக்கும் குளிசைகளில் ஒன்று வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமைகளில் மட்டும் எடுக்கவேண்டியது. தவறுதலாக அடுத்தடுத்த நாட்களில் எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர் அழுத்திச் சொல்லியிருந்தார். மணிக்கூடோ கிழமையை மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருக்கித் திரையின் ஓரத்தில் காட்டியது. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கவில்லை.

ஆகவே அம்மாவுக்கு நானே ஒரு முகப்பை வரைய முடிவுசெய்தேன். நிரலெழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். வேலையின் பெரும்பகுதி வரைவதுதான். செய்து கற்றுக்கொண்டவற்றை, இதே தேவை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த மணிக்கூட்டில் முடியும்?

முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். அப்பிள் மணிக்கூட்டில் வெளியார் உருவாக்கும் முகப்புகளுக்கு இடமில்லை. அப்பிள் தரும் முகப்புகளில் நிறத்தை மாற்றலாம், பின்னணியில் புகைப்படம் வைக்கலாம், அவ்வளவுதான். கார்மின் மணிக்கூடுகளுக்கு உருவாக்கலாம், ஆனால் மங்கி சி என்ற நிரல்மொழி தெரிந்திருக்கவேண்டும். மலிவு விலையில் கிடைக்கும் மணிக்கூடுகள் பலவற்றில் பின்னணிப் படத்தை மாற்றலாமே தவிர எழுத்துகளை மாற்ற முடியாது.

கூகுளின் வெயார் ஓஎஸ் இயங்குதளத்தில் வரும் மணிக்கூடுகள்தான் நமக்கு வசதியானவை. 2023இல் கூகுளும் சாம்சுங்கும் இணைந்து இவற்றுக்காக வொட்ச் ஃபேஸ் ஃபோர்மட் என்ற கோப்பு வடிவத்தை அறிமுகப்படுத்தின. இந்த முறையில் முகப்பு என்பது தனியொரு நிரல் அல்ல. எந்தப் படம் எங்கே, எப்போது தெரியவேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியல். சாம்சுங் இலவசமாகத் தரும் வொட்ச் ஃபேஸ் ஸ்டூடியோ என்ற கணினி மென்பொருளில் படங்களை இழுத்து வைத்தால், அந்தப் பட்டியலை அதுவே எழுதிக்கொள்ளும். அம்மாவின் மணிக்கூடு இந்த வகையாக இருந்தது அதிர்ஷ்டம்.

உள்ளங்கையை விடச் சிறிய தாள்

வரைவதற்கு இங்க்ஸ்கேப் மென்பொருளைப் பயன்படுத்தினேன். அதுவும் இலவசம். வரையும் பரப்பு 450 பிக்சல் நீளம், 450 பிக்சல் அகலம். கணினித் திரையில் இது தாராளமான இடமாகத் தெரியும். மணிக்கூட்டிலோ இவ்வளவும் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்த விட்டத்துக்குள் அடங்கவேண்டும். என் முதல் வரைவில் கிழமை, திகதி, அடிகளின் எண்ணிக்கை, பற்றரி அளவு எல்லாம் இருந்தன. கணினியில் அழகாக இருந்தது, கையில் கட்டியபோது ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. நேரம், கிழமை, திகதி மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தேன்.

அம்மாவுக்கு முள் வைத்த மணிக்கூடுதான் பழக்கம். முட்களைத் தனித்தனிப் படங்களாக, 12ஐ நோக்கி நேராக நிற்கும்படி வரையவேண்டும். சுழற்றுவது மென்பொருளின் பொறுப்பு. நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை, மணி முள் நிமிடத்துக்கு அரைப் பாகை. முள்ளின் சுழல்புள்ளி வட்டத்தின் நடுவில் சரியாக அமையாவிட்டால் நேரம் பிழையாகத் தெரியும். இன்னொன்று: மணிக்கூட்டு விளம்பரங்களில் முட்கள் பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிடத்தில் விரிந்து நிற்கும். அந்த நேரத்தில் எந்த முகப்பும் அழகுதான். ஆறரை மணியில் வைத்துப் பாருங்கள். கீழே எழுதிய கிழமைப் பெயரை இரண்டு முட்களும் மறைத்திருக்கும். நான் கிழமைப் பெயரை முட்களுக்கு மேலுள்ள அடுக்கில் வைத்து அதைச் சரிசெய்தேன்.

எழுத்தைப் படமாக்குதல்

தமிழுக்கே உரிய சிக்கல் இங்கேதான். யுனிகோட் முறையில் 'செ' என்பது முதலில் 'ச', பிறகு ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னுக்கு நகர்த்துவது மென்பொருளின் வேலை. அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் செவ்வாயும் வெள்ளியும் கொம்பு இடம்மாறிச் சிதைந்துபோகும். நமது அச்சகங்களில் பாமினி எழுத்துரு நீண்டகாலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாமினியில் கொம்பைத் தட்டச்சு செய்பவரே முதலில் அடித்துவிடுகிறார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் இருப்பதால் மென்பொருளுக்குக் குழப்பம் வருவதில்லை.

மணிக்கூடு தமிழை எப்படிக் காட்டும் என்பதை நம்பியிருக்காமல், ஞாயிறு முதல் சனி வரை ஏழு பெயர்களையும் இங்க்ஸ்கேப்பில் எழுதி, எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி, ஏழு பிஎன்ஜி படங்களாகச் சேமித்தேன். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். அது திறந்த உரிமம் கொண்டது. ஏழு படங்களும் ஒரே நீள அகலத்தில் இருந்தால்தான் நாளுக்கு நாள் பெயர் இடம்மாறாது. எழுத்தின் அளவை மிக நீளமான பெயரை வைத்துத் தீர்மானிக்கவேண்டும். சுருக்கி எழுத விரும்பவில்லை. 'வி', 'வெ' என்று போட்டால் வியாழனும் வெள்ளியும் சிறிய திரையில் ஒன்றுபோலத் தெரியும். சிறிய அளவில் புள்ளிகளும் மங்கிவிடுகின்றன, அவற்றைக் கையால் சற்றுப் பெருப்பித்தேன்.

ஆர்வக்கோளாறில் மணி எண்களையும் தமிழ் எண்களாக வரைந்தேன். ஒன்றுக்கு ௧, இரண்டுக்கு ௨. பத்துக்கு ௰ என்ற தனிக்குறி இருப்பதால் மரபு முறையில் 11 என்பது ௰௧, 12 என்பது ௰௨. பார்க்க அருமையாக இருந்தது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன அரிச்சுவடியோ?" என்றார். ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ போலவே தெரிகின்றன. அவற்றை எண்களாக வாசிக்கும் பழக்கம் அம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வழமையான எண்களுக்கே திரும்பினேன்.

ஒரு எண் பிசகினால்

ஏழு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எந்தக் கிழமையில் எது தெரியவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை கொடுக்கவேண்டும். நான் திங்களை 1 என்று எண்ணிக் கொடுத்திருந்தேன். மணிக்கூட்டின் கணக்கில் ஞாயிறுதான் 1, புதன் 4. விளைவு, செவ்வாய்க்கிழமை திரையில் 'புதன்' என்று பளிச்சென்று நின்றது. அன்று அது என் கையில் இருந்ததால் பரவாயில்லை. திருத்தியபின் ஒரு முழு வாரம் நானே கட்டித் திரிந்து, ஏழு நாட்களையும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அம்மாவிடம் கொடுத்தேன்.

கையை இறக்கியதும் திரை மங்கும் நிலைக்கும் தனி வரைவு தேவை. அந்த நிலையில் 15 வீதத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள் ஒளிரக்கூடாது என்பது கூகுளின் வழிகாட்டல். ஓஎல்ஈடி திரையில் கறுப்புப் பகுதி ஒளிர்வதே இல்லை என்பதால் கறுப்புப் பின்னணி பற்றரியை மிச்சப்படுத்தும். மெல்லிய முட்களையும் கிழமைப் பெயரையும் மட்டும் விட்டேன்.

முடிந்த முகப்பை மணிக்கூட்டுக்கு அனுப்ப, அதன் அமைப்புகளில் மேம்படுத்துநர் தெரிவைத் திறந்து, கணினியையும் மணிக்கூட்டையும் ஒரே வைஃபை இணைப்பில் வைத்திருந்தால் போதும். கடையில் போட்டு விற்க நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புகழ்பெற்ற மணிக்கூட்டு நிறுவனங்களின் பெயரையோ சின்னத்தையோ பார்த்து வரையக்கூடாது. வெளியார் உருவாக்கிய அப்படியான முகப்புகளைத் தன் செயலிக் கடையில் வழங்கியதற்காகச் சாம்சுங்குக்கு எதிராக ஸ்வோட்ச் குழுமம் தொடுத்த வழக்கில், வர்த்தகக் குறி மீறப்பட்டதாக 2022இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இது முழுமையான தீர்வு அல்ல. படமாக்கிய எழுத்தைத் திரைவாசிப்பான் வாசிக்காது, எனவே பார்வையற்ற ஒருவருக்கு என் முகப்பால் பயனில்லை. மற்ற அமைப்புகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஏழு சொற்களைத் தமிழில் காட்ட ஒருவர் ஏழு படங்கள் வரையவேண்டியிருப்பது, அந்தச் சொற்களை வாசிப்பவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

கடைசித் திருத்தத்தை அம்மாதான் சொன்னார். மற்ற நாட்கள் வெள்ளை எழுத்தில் இருக்க, புதன் மட்டும் மஞ்சளில் இருக்கட்டும் என்றார். மாற்றிக் கொடுத்தேன். மணிக்கூடு இப்போது அலுமாரிக்குள் இல்லை. ஆனாலும் குளிசை எடுத்ததும் சுவர் நாட்காட்டியில் பேனையால் அடையாளம் போடும் பழக்கத்தை அம்மா விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. இன்று புதன் என்று சொல்லத்தான் அந்த மணிக்கூட்டுக்குத் தெரியும், குளிசை எடுத்தாயிற்றா என்பது தெரியாது.