செயற்கை நுண்ணறிவும் நம் பாதுகாப்பும்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் பழமொழி. செயற்கை நுண்ணறிவு வளர்ந்துவரும் இக்காலத்திற்கென்றே சொல்லப்பட்டதுபோல் அஃது அமைந்துள்ளது.

ஒருவர் பேசிய சில விநாடிப் பதிவே போதும். கணினி அக்குரலின் ஏற்ற இறக்கங்களைக் கற்று, அவர் சொல்லாததையும் அவர் குரலிலேயே சொல்லிவிடும். முகத்தையும் இவ்வாறே படைத்துக் காட்டும். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங் காவல் துறை வெளியிட்ட செய்தி இதற்குச் சான்றாகும். காணொளிக் கூட்டத்தில் தம் மேலதிகாரியைக் கண்டதாக நம்பிய நிறுவன ஊழியர் ஒருவர், 20 கோடி ஹாங்காங் வெள்ளியை அனுப்பிவிட்டார். அவர் கண்டவை யாவும் போலி உருவங்களே!

“அம்மா, விபத்தில் சிக்கிக்கொண்டேன், உடனே பணம் அனுப்புங்கள்” எனப் பிள்ளையின் குரல் கேட்டால் பெற்ற மனம் பதறாதோ? அப்பதற்றமே வஞ்சகரின் ஆயுதம். தோட்டத்தில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் நொடியில் பறிபோகும். ஆகவே, அழைப்பைத் துண்டித்துவிட்டு, நாம் முன்பே அறிந்த எண்ணில் பிள்ளையை அழைப்போம். குடும்பத்தார் மட்டுமே அறிந்த இரகசியச் சொல் ஒன்றை இன்றே வைத்துக்கொள்வோம். மலேசியாவில் இவ்வாறு பணத்தை இழந்தோர் தாமதமின்றி 997 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும்.

தீர விசாரிப்போம், உழைத்துச் சேர்த்த பொருளைக் காப்போம்!