கண்ணுக்குத் தெரியாத மணல்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் பாட்டி காலத்து ராமர் பட்டாபிஷேக செட் ஒன்று இருக்கிறது. மண் பொம்மைகள். போன நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு பரணிலிருந்து இறக்கியபோது அங்கங்கே வர்ணம் உதிர்ந்திருந்ததாம். போஸ்டர் கலரால் தானே தொட்டு வைத்து, அது அழியாமலிருக்க ஹார்டுவேர் கடையில் 'கிளியர்' ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்திருக்கிறார். பளபளப்பு வேண்டாம், மேட் கொடுங்கள் என்று கேட்டே வாங்கியிருக்கிறார். காலையில் எழுந்து பார்த்தால் ராமர் முதல் அனுமார் வரை அத்தனை பேர் மேலும் விபூதி பூத்தாற்போல் வெள்ளை. இதற்கு என்ன காரணம், போக்க வழி உண்டா என்று கேட்கிறார்.

அவர் துக்கத்தில் இருக்கும்போது நான் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனால் இப்படி ஒரு கேள்விக்காக நான் பல வருஷமாகக் காத்திருந்தேன். பிளாஸ்டிக் விமான மாடல்களை ஒட்டிப் பெயிண்ட் அடிக்கும் பைத்தியம் எனக்கு உண்டு. மூன்று வாரம் கண் வலிக்க வர்ணம் தீட்டிய விமானம் கடைசிப் பூச்சில் ஒரே நிமிஷத்தில் பாழாவதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். விமானமோ ராமரோ, மேட் பூச்சுக்கு எல்லாம் ஒன்றுதான்.

மேட் என்றால் பளபளப்பு எடுக்கப்பட்ட வார்னிஷ் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். பிசின் கரைசலை எதன்மேல் ஊற்றினாலும் அது தானாகவே மட்டமாகப் பரவி, கண்ணாடி மாதிரி காய்ந்து பளபளக்கும். அதுதான் அதன் பிறவிக் குணம். மேட் வேண்டுமானால் அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

அந்த ஒன்று என்ன என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர். பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போகும்போதெல்லாம் எண்ணெய் வழியும் என் முகத்தைப் பார்த்து, பவுடர் டப்பாவையும் சீப்பையும் நீட்டுவார். பவுடர் போட்டால் நெற்றியின் மினுக்கம் போய்விடும். விளக்கு வெளிச்சம் குறைந்துவிடவில்லை. நெற்றியில் பட்ட ஒளி முன்பு ஒரே திசையில் திரும்பி கேமராவில் அறைந்தது. இப்போது பவுடர்த் துகள்களில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. அவ்வளவுதான்.

மேட் ஸ்ப்ரேயிலும் இருப்பது பவுடர்தான். சிலிக்கா. மணலும் அதுவே, கண்ணாடிக்கு மூலப்பொருளும் அதுவே. அதை மிக நுண்ணிய தூளாகக் கலந்திருப்பார்கள். ஒரு துகள் சில மைக்ரான் அளவு இருக்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்த நிமிஷத்தில் பூச்சு ஈரமாக, பளபளவென்றுதான் இருக்கும். கரைப்பான் ஆவியாக ஆவியாகப் படலம் வற்றிச் சுருங்கும். துகள்களால் சுருங்க முடியாது. வைகையில் தண்ணீர் வற்றினால் மணல்திட்டுகள் தலைகாட்டுவதுபோல் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகிவிடும். கை தடவினால் தெரியாத சொரசொரப்பு ஒளிக்குத் தெரியும்.

சாதாரணப் பிசின் பரப்பில் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறது. பளபளப்பான பூச்சிலும் அதே கணக்கு, மேட்டிலும் அதே கணக்கு. பளபளப்பில் அந்த 4 சதவீதம் ஒன்றாகச் சேர்ந்து ஓரிடத்தில் மின்னுகிறது. மேட்டில் அது பரப்பு முழுக்க மெல்லிய வெள்ளைத் திரையாகப் பரவுகிறது. இந்தத் திரையைத்தான் நாம் 'அடக்கமான நிறம்' என்று புகழ்கிறோம்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய வீட்டுக் குளியலறை ஜன்னலில் பால் கண்ணாடி போட்டிருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் தேய்த்துச் சொரசொரப்பாக்கியது. ஒரு நாள் சொரசொரப்பான பக்கத்தில் செல்லோடேப் துண்டை ஒட்டினேன். ஒட்டிய இடம் மட்டும் தெளிவாகி, பின்பக்கத்து முருங்கை மரம் தெரிந்தது. டேப்பின் பசை பள்ளங்களை நிரப்பிவிட்டது. பசையும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், ஒளிக்கு அங்கே மேடு பள்ளமே இல்லாமல் போயிற்று. தண்ணீர் தெளித்தாலும் இதே கதைதான், காயும் வரைக்கும். எனக்கு முதுகில் அடி விழுந்தது. ஒளியியலில் எனக்குக் கிடைத்த முதல் பாடமும் அதுவே.

சிவப்பு சிமெண்ட் தரையைத் துடைத்தவுடன் அது அடர் சிவப்பாக ஜொலிப்பதும், காய்ந்ததும் வெளிறுவதும் இதனால்தான். மேட் பூச்சு அடிப்பது, ஈரத்தரையைக் காய்ந்த தரையாக்குவது மாதிரி. கறுப்பு சற்றே சாம்பலாகும், அடர் நீலம் வெளிறும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, வர்ணத்தை ஒரு சாயல் அடர்த்தியாகத் தீட்டுபவர்கள் கெட்டிக்காரர்கள். தங்க வர்ணத்தின் பாடு இன்னும் மோசம். அதன் மினுமினுப்பு, உள்ளே கிடக்கும் உலோகச் செதில்கள் குட்டிக் குட்டிக் கண்ணாடிகளாக ஒளியைத் திருப்புவதால் வருவது. மேலே சிலிக்காவைத் தூவினால் தங்கம் கடுகுக் குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். எனவே கிரீடம், ஒட்டியாணம், ஜரிகைக் கரை எல்லாவற்றையும் மேட் காய்ந்த பிறகு தீட்டுங்கள்.

கும்பகோணத்து விபூதிக்கு வருவோம். இரண்டு பேர்மேல் எனக்குச் சந்தேகம்.

முதல் சந்தேகம் காற்றின்மேல். நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு என்றால் புரட்டாசி. மழையும் புழுக்கமும் சேர்ந்த காலம். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதே வேலை. குளிர்ந்த பூச்சின்மேல், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதுபோல, காற்றின் ஈரம் படிகிறது. அந்த நீர் பிசினோடு சேராமல் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு படலத்தை வெளுத்துவிடும். கொலுவுக்கு வர்ணம் பூசும் அவசரம் நமக்கு எப்போதும் ஈரக் காலத்தில்தான் வருகிறது. இந்த வேலையை மாசி, பங்குனியில், வெயில் ஏறிய பத்து பதினோரு மணிக்குச் செய்தால் பாதி ஆபத்து கழிந்தது.

இரண்டாவது சந்தேகம் கையின்மேல். சிலிக்கா டப்பாவின் அடியில் வண்டலாகப் படிந்திருக்கும். உள்ளே கடகடவென்று ஓடும் குண்டு அதைக் கிளறத்தான். குண்டின் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். நாம் நாலு ஆட்டு ஆட்டிவிட்டு அழுத்துகிறோம். முதல் பொம்மைக்கு வெறும் பிசின், அது பளபளக்கும். கடைசிப் பொம்மைக்கு வண்டல் முழுவதும், அது வெளுக்கும். மோர்க்குடத்தைக் கலக்காமல் மொண்டால் முதலில் தண்ணீரும் கடைசியில் கட்டியும் வருமே, அப்படி. பூச்சு தடித்தாலும் வெளுக்கும். டப்பாவை இருபது முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே போய் நிறுத்த வேண்டும். மெல்லிய பூச்சாக இரண்டு தடவை போதும். இன்னும் தள்ளிப் போனால் துளிகள் வழியிலேயே காய்ந்து, புழுதி அப்பியதுபோல் வந்து ஒட்டும்.

எதன்மேல் எதை அடிப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். போஸ்டர் கலர் தண்ணீரில் கரைவது. அதன்மேல் தண்ணீர் வார்னிஷைத் தூரிகையால் இழுத்தால் ராமரின் நீலம் சீதையின் புடவைக்குப் போய்விடும். அந்த வகையில் வாசகி ஸ்ப்ரேயைத் தேர்ந்தெடுத்தது சரி. எனாமல் பெயிண்ட் அடித்த பொம்மை என்றால், கடுமையான தின்னர் கலந்த லேக்கர் ஸ்ப்ரே கீழே இருக்கும் எனாமலைக் கிளப்பி, பாலாடை மாதிரி சுருக்கிவிடும். மண்ணும் காகிதக்கூழும் முதல் பூச்சைத் திட்டுத் திட்டாகக் குடித்துவிடும். அதைப் பார்த்து அங்கேயே மேலும் மேலும் அடிக்காமல் காயவிட்டு இரண்டாவது பூச்சுக்குப் போங்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது வினைல் பொம்மை, அதாவது அமுக்கினால் மெத்தென்றிருக்கும் தலையுள்ள வகை. என் அக்கா பேத்தியின் பொம்மைக்கு உதட்டுச் சாயம் தீட்டி, என்னிடமிருந்த ஒரு ஸ்ப்ரேயை அடித்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அதன் முகம் பிசுபிசுவென்றாகி, தலையணைப் பஞ்சு, நாய் முடி எல்லாம் ஒட்டிக்கொண்டு தாடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது. வினைல் மென்மையாக இருப்பதற்கு அதில் எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கி சேர்க்கிறார்கள். அது ஒரே இடத்தில் கிடப்பதில்லை. மேலே உள்ள பூச்சுக்குள் மெல்ல ஏறி, அதையும் இளக்கிவிடுகிறது. பொம்மை முகங்களை அழித்து மறுபடி தீட்டும் கலைஞர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஜப்பானின் மிஸ்டர் சூப்பர் கிளியர் என்ற மேட் ஸ்ப்ரேயைத் தேடிப் போவதற்கு இந்தப் பிசுபிசுப்புப் பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் மேட் பூச்சைக் கடைசியில் மட்டுமல்ல, முதலிலும் அடிக்கிறார்கள். வழவழப்பான வினைலில் கலர் பென்சிலும் பேஸ்டல் தூளும் நிற்காது. மேட்டின் சொரசொரப்பு, சிலேட்டு பலப்பத்தைப் பிடிப்பதுபோல அவற்றைப் பிடித்துக்கொள்கிறது.

மேட்டுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தூள் கூடக்கூட அதைப் பிடித்திருக்கும் பிசின் போதாமல் படலம் வலுவிழக்கும். கை பட்டுப் பட்டு மேடுகள் தேய்ந்து மினுங்கும், கோயில் தூணில் எல்லோரும் கைவைக்கும் இடம் மட்டும் வழவழப்பதுபோல. அதனால் மாடல்காரர்கள் பலர் அடியில் பளபளப்புப் பூச்சைப் பலத்துக்குக் கொடுத்து, மேலே மெல்லிய மேட்டைப் பார்வைக்குக் கொடுக்கிறார்கள்.

ஆனாலும் பொம்மைக்கு மேட்தான் என்பது என் கட்சி. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் இன்று நடந்துபோனால் பொம்மைகளின் முகம் தெரிவதில்லை. முகத்தில் தெருவிளக்குதான் தெரிகிறது. பழைய மண் பொம்மைகளின் தணிந்த நிறம் இப்போது 'மங்கிப்போனது' என்று பெயர் வாங்கி, வருஷா வருஷம் எனாமலும் வார்னிஷும் குடிக்கிறது. நாலு பூச்சுக்குப் பிறகு மூக்கின் கூர்மை போய், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, புருவத்தில் கைவினைஞர் இழுத்த ஒற்றைக் கோடு உள்ளே புதைந்துவிடுகிறது. நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான். அத்தையின் வெண்ணெய்க் கிருஷ்ணனுக்கு மர வார்னிஷ் அடித்தேன். அது மஞ்சளடித்து, கிருஷ்ணன் இப்போது பச்சையாக இருக்கிறான். மரப்பாச்சியைக்கூட விடாமல் வார்னிஷ் அடிக்கிறார்கள். கை பட்டுப் பட்டே மெருகேறும் செம்மரத்துக்கு எதற்கு இது?

அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பாதுகாப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: நீ செய்வதைப் பின்னால் வருபவர் பிரித்தெடுக்க முடியவேண்டும். அவர்கள் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை விரும்புவது அது மஞ்சளாகாது என்பதற்காக மட்டுமல்ல, எத்தனை காலம் கழித்தும் அசிட்டோனில் கரையும் என்பதற்காகவும்தான். உங்கள் பாட்டி பொம்மை அருங்காட்சியகப் பொருள் இல்லைதான். இருந்தாலும் வர்ணம் நன்றாக இருக்கும் இடத்தில் எதையுமே அடிக்காமல் விடுவது ஒரு நல்ல தேர்வு.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. நார்வேக்காரர் எரிக் ரோதைம் 1920களில் கண்டுபிடித்த அழுத்தக் குப்பியில், 1949-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் எட் சீமோர் பெயிண்டை அடைத்தார். உள்ளிருந்து தள்ளும் வாயுவாக ஓசோனைத் தின்னும் சிஎஃப்சி ஒரு காலத்தில் இருந்தது. இன்று பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன். அடுப்படி சிலிண்டரில் இருப்பவையேதான். கொலுப்படியில் விளக்கு எரிய, பக்கத்தில் நின்று 'கொஞ்சம் டச்சப்' செய்பவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்கவும். மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். கொரோனா காலத்து முகமூடி துளிகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடிதான் வேண்டும்.

இனி, கும்பகோணத்து அம்மாவுக்கு. அனுமாரின் பீடத்துக்குப் பின்புறம், யாரும் பார்க்காத இடத்தில், ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கோளாறு மேற்பரப்பில் இருக்கிறது. குளியலறை ஜன்னலுக்கு டேப் ஒட்டிய வைத்தியம்தான் இதற்கும்: அதே கம்பெனியின் பளபளப்பு கிளியரை மெல்லிதாக ஒரு பூச்சு அடித்தால் பள்ளங்கள் நிரம்பி, ராமர் நீலமாகத் திரும்பி வருவார். நனைத்தும் வெள்ளை போகவில்லையென்றால் ஈரம் படலத்துக்குள் மாட்டியிருக்கிறது. அப்போதும் இதே மெல்லிய பூச்சுதான், ஆனால் வறண்ட நாளில். அதிலுள்ள கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, ஈரம் விட்டுப்போன இடைவெளிகளை மூட வாய்ப்பு உண்டு. எதுவானாலும் முதலில் அந்தப் பீடத்தின் பின்புறத்தில் மட்டும் செய்து ஒரு நாள் பொறுங்கள். பிறகு நன்றாகக் குலுக்கிய மேட், ஒரே ஒரு தடவை. பங்குனி வரைக்கும் விபூதியோடேயே இருக்கட்டும்.

எல்லாம் காய்ந்த பிறகு சின்னத் தூரிகையில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பொட்டு எடுத்து, கண்மணிகளில் மட்டும் வையுங்கள். முகம் முழுதும் தணிந்திருக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் ஒளி ஒன்றாகத் திரும்பி வரும். கூடத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சீதை உங்களைப் பார்ப்பாள்.