தமிழ் படித்த பட்டதாரிக்கு வேலை எங்கே?

(பட்டதாரிகளின் வேலை வாய்ப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஜொகூர் பாரு கல்வி ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ இந்தக் கேள்வியை நம் வீடுகளில் இரண்டு முறை கேட்கிறோம். பிள்ளை நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்வு செய்யும்போது ஒரு முறை. பட்டமளிப்பு விழாப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டிய பிறகு இன்னொரு முறை. முதல் முறை கேட்கும்போது பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. ‘தமிழ் எடுத்தால் ஏ எண்ணிக்கை குறைந்துவிடும், விட்டுவிடு’ என்று சொல்லிவிடுகிறோம். இரண்டாம் முறை கேட்கும்போது, அந்தப் பழைய முடிவே பல கதவுகளைச் சாத்தி வைத்திருப்பது தெரிய வருகிறது. இன்றைய தலைப்பு பட்டதாரிகளைப் பற்றியது என்றாலும், பதினேழு வயதுப் பிள்ளையிடமிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் வேலையை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கையில் பேராக், சிலாங்கூர் மாநிலங்களுக்கு அடுத்து நிற்பது நம்முடைய ஜொகூர்தான். ஏறக்குறைய 70 பள்ளிகள். பெயரில் இன்னும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகள் அவற்றில் பல. அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்து. நாடு முழுவதும் 27 வளாகங்கள் உண்டு. ஜொகூரில் மட்டும் இரண்டு: ஜொகூர் பாருவில் துமெங்கோங் இப்ராஹிம், பத்து பகாட்டில் துன் உசேன் ஓன். எல்லா வளாகத்திலும் தமிழ்ப் பிரிவு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கே இடம் என்பதை அமைச்சுதான் முடிவு செய்யும்.

பல பெற்றோருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்தக் கழகத்தின் பட்டப் படிப்பு எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கானது. ஆயத்தப் பயிற்சியையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தாண்டு. எஸ்.பி.எம்.மில் ஐந்து பாடங்களிலாவது ஏ வேண்டும். தமிழ்ப் பிரிவுக்குப் போக வேண்டுமானால் தமிழ்மொழிப் பாடத்தில் நல்ல தேர்ச்சியும் வேண்டும். ‘முதலில் ஒரு டிகிரி எடுக்கட்டும், பிறகு மக்தாப்பில் சேர்த்துவிடலாம்’ என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு காலம் இருந்தது உண்மைதான். கே.பி.எல்.ஐ. என்ற ஓராண்டுப் பயிற்சி வழியாக நம் பட்டதாரிகள் பலர் ஆசிரியரானார்கள். அந்தத் திட்டம் இப்போது இல்லை. பட்டதாரிகளுக்கான கல்வி டிப்ளோமா என்று ஒன்று உண்டு. அதையும் நினைத்தபோது எடுக்க முடியாது. அமைச்சுக்குத் தேவை வரும்போது கதவு திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும்.

அப்படி ஒரு கதவு 2021இல் அகலத் திறந்தது. ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க 18,702 பேரை ஒரே முறையாக எடுப்பதாக அமைச்சு அறிவித்தது. கல்வித் துறைப் பட்டம் இல்லாதவர்களும் அதில் ஒப்பந்த அடிப்படையில் சேர முடிந்தது. அறிவிப்பைப் படித்து, சான்றிதழ்களைத் தயாராக வைத்திருந்தவர்கள் உள்ளே போனார்கள். ‘யாராவது சொல்வார்கள்’ என்று இருந்தவர்கள் வெளியே நின்றார்கள். கல்விச் சேவை ஆணையத்தின் அறிவிப்புகளை மாதம் ஒரு முறையாவது பார்க்கும் பழக்கம் பட்டதாரிக்கு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தமிழைப் பட்டமாகவே படிக்க நினைப்பவர்கள் ஜொகூரை விட்டுக் கிளம்ப வேண்டும். ஸ்கூடாய் யூ.டி.எம்., பத்து பகாட் யூ.டி.எச்.எம். இரண்டும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், நாம் உப்சி என்று சொல்வது, தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் தருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. உப்சி பட்டத்தில் ஆசிரியர் பயிற்சியும் அடங்கியிருக்கிறது. மலாயாவின் பட்டம் அறிவுத் துறைப் பட்டம். அதை வைத்துக்கொண்டு அரசாங்கப் பள்ளியில் நிரந்தரமாகக் கற்பிக்கத் தனியாகக் கல்வித் தகுதி பெற்றாக வேண்டும். பயிற்சியோடு பட்டம் பெற்றவர்களும் ஆணையத்தின் நேர்முகத் தேர்வைக் கடந்து, இடம் கிடைக்கும் வரை காத்திருந்த காலமும் உண்டு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அஞ்சல் வழி தமிழ் இளங்கலை படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எம்.கியூ.ஏ.விடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத் துறையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வரலாற்றை விட்டுவிட மனம் வரவில்லை. பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, 1956இல் தொடங்கப்பட்ட துறை அது. அங்கே முதலிடம் தமிழுக்கா, சமஸ்கிருதத்துக்கா என்று பெரிய சர்ச்சை நடந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகப் பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால் மரத்தை நம்பிப் பிழைத்த தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர உதவியது. கொடுத்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்திருப்பார்கள்? பின்னாளில் தனிநாயகம் அடிகளார் அத்துறைக்குத் தலைமை ஏற்றதும், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அந்த அடித்தளத்தின் மேல்தான். ஒரு பத்திரிகைக்காரரின் உழைப்பால் ஆசிரியர்களும் விரிவுரைஞர்களும் உருவானார்கள் என்பதை நம் பட்டதாரிகள் அறிந்திருப்பது நல்லது.

இனி, பாலத்துக்கு அப்பால். நெறியாளர் தொடக்கத்திலேயே கேட்டார், ‘ஜொகூர்க்காரர்களுக்கு என்ன கவலை, பக்கத்திலேயே சிங்கப்பூர் இருக்கிறதே’ என்று. இருக்கிறது. 1973 வரை இரு நாட்டு வெள்ளியையும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டோம். இன்று சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அதைப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை. தமிழ் அங்கே அதிகாரத்துவ மொழி. தாய்மொழிப் பாடமாகப் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள்; அதற்கு ஆசிரியர் வேண்டும்; மலேசியர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நம் பட்டத்தைக் காட்டியதும் வகுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட மாட்டார்கள். கல்வி அமைச்சின் நேர்முகத் தேர்வு, மொழித் தேர்வு, பள்ளியில் சில காலம் பயிற்சியற்ற ஆசிரியராக வேலை, அதன் பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி என்று போகும். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. முடித்ததும் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தமும் உண்டு. இடையில் விலகினால் பணம் திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும்முன் அந்தத் தாளை முழுவதும் படியுங்கள்.

பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்குகிறது. ஜொகூர் பாருவில் வீட்டை வைத்துக்கொண்டு அந்த மணிக்கு வகுப்பில் நிற்க எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பயணியாகப் பாலம் கடந்து, வீடு வீடாகத் தமிழ் டியூஷன் கொடுத்துவிட்டு இரவில் திரும்புவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். வேலை அனுமதி இல்லாமல் சம்பளம் வாங்கக் கூடாது. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்ற பேச்சு குடிநுழைவு அதிகாரியிடம் எடுபடாது. ஒரு முறை பெயர் பதிவானால், பின்னர் முறையாக விண்ணப்பிக்கும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

மற்ற ஆசிய நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆங்கிலம் கற்பிக்கக் கொரியாவுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். அங்கே அதற்கான விசா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்கென வகுக்கப்பட்டது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. தாய்லாந்தில் பட்டமும் அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் அனுமதியும் தேவை. முகவர் சொல்வதை மட்டும் நம்பி விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

சரி, எழுத்து வேலை? இதில் கசப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. கு. அழகிரிசாமி 1952இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்த ஏடு அது. எழுதத் தெரிந்த ஒருவரை அன்று ஒரு மலாயாப் பத்திரிகை கடல் கடந்து வரவழைத்தது. இன்று உள்ளூரில் எழுதத் தெரிந்தவருக்கே போதிய நாற்காலிகள் இல்லை. பயிற்சி நூல்கள் எழுதிச் சம்பாதித்தவர்களும் இருந்தார்கள், 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு அந்தச் சந்தையும் சுருங்கிவிட்டது.

ஆனாலும் வேலை இருக்கிறது. நாளேடுகள், பெர்னாமா தமிழ்ச் செய்தி, வானொலி, தொலைக்காட்சி, சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’, வசந்தம், ஒலி 96.8 எல்லாமே ஆள் எடுக்கும் இடங்கள்தாம். அங்கே முதலில் சோதிப்பது உங்கள் கவிதையை அல்ல. அமைச்சரின் அறிக்கை மலாயில் வரும், நிறுவனத்தின் அறிக்கை ஆங்கிலத்தில் வரும், செய்தி தமிழில் போக வேண்டும். அரை மணி நேரத்தில். நம் நாட்டுத் தமிழ் நிருபர் பாதி நேரம் மொழிபெயர்ப்பாளர். நல்ல தமிழ் மட்டும் தெரிந்த பட்டதாரி அங்கே திணறுகிறார்; மூன்று மொழியும் கைவந்தவர் நிலைத்துவிடுகிறார். அதே திறமைக்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணியும் காத்திருக்கிறது. அதைப் பற்றி நம் இளைஞர்கள் ஏன் விசாரிப்பதே இல்லை என்பது எனக்குப் புரியவில்லை.

கதை, நாவல் எழுத விரும்புகிறவர்களுக்கு என் கருத்து இது. அதற்குச் சம்பள வேலையைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். ரெ. கார்த்திகேசு ஒலிபரப்புத் துறையிலும் பிறகு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இருந்துகொண்டுதான் எழுதினார். கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் ஆகியோர் ஆசிரியர் பணியோடு எழுத்தில் பெயர் பெற்றவர்கள். ஞாயிறு பதிப்பில் ஒரு சிறுகதைக்குக் கிடைக்கும் சன்மானம் வீட்டு வாடகைக்குப் போதாது. வகுப்பறை அந்த வாடகையையும் கொடுக்கும், கதையையும் கொடுக்கும்.

ஆக, எந்தப் பக்கம் போனாலும் எஸ்.பி.எம். தமிழ்த் தாளில்தான் வந்து நிற்கிறோம். அந்தத் தாளை எழுத மாணவர் குறைந்தால், கழகத்துக்குப் போவோர் குறைவார்கள். பிறகு மாசாயிலும் குளுவாங்கிலும் உள்ள பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்? சிறிய தோட்டப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்துக் கற்பிக்கும் நிலை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஒரே ஓர் ஆசிரியர் குறைந்தாலும் உடனே தெரியும்.

‘எங்கள் இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லையே’ என்று ஒரு நேயர் தொலைபேசியில் சொன்னார். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் வழி இருக்கிறது. பதினான்கு பேர் தயாராக இருந்து ஒருவர் தயங்கியதால் வகுப்பு நடக்காத கதையை நான் கேட்டிருக்கிறேன். வரும் ஆண்டுக்கான பாடப் பதிவு முடியும் முன்பே உங்கள் வட்டாரத்துப் பெற்றோரைச் சேர்த்துக் கையொப்பம் வாங்குங்கள். கடிதத்தைப் பள்ளி முதல்வரிடம் நேரில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.