கடைசியில் வரும் மிதிவண்டி



நண்பர் குழாமாக மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் ஆர்வம் நம் இளைஞரிடையே மீண்டும் தழைத்து வருகிறது. பல கியர்கள் கொண்ட வண்டிகளும், பையில் மடித்து வைக்கத்தக்க கூடாரங்களும், மழை வருமுன்னரே செய்தி சொல்லும் கைபேசிகளும் இன்று அவர்களுக்கு வாய்த்துள்ளன. எனினும் பெற்றோர் பலர், “பிள்ளையை அனுப்பலாமா?” என்று கவலையுடன் வினவுகின்றனர். அனுப்பலாம் என்பதே நமது விடை. ஆனால் புறப்படுமுன் அவ்விளைஞர் தமக்குள் செய்துகொள்ள வேண்டிய உடன்பாடு ஒன்று உண்டு. அதனை விளக்கவே இதனை எழுதுகிறோம்.

காவிரிப் படுகையில் இத்தகைய பயணத்திற்கென்றே அமைந்தது போன்ற வழி ஒன்று இருக்கிறது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி அவர்கள் ஏறத்தாழ நூறு தொண்டருடன் திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக, ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்த உப்புச் சத்தியாக்கிரக நடைவழியே அது. சுமார் 150 மைல். தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். ஊர் மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்து, வழிநடந்தோரைப் பசியாற்றினர்.

1993ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கல்லூரித் தோழர் ஐவராக நாங்கள் அவ்வழியே சென்றோம். எங்களுள் ஒருவருடைய பாட்டியார், அவ்வாறு சோறு கட்டிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் கதையாகச் சொன்ன கடற்கரையைக் கண்ணால் காண வேண்டும் என்பது பேரனின் பேராவல். அதன் பொருட்டே அப்பயணம். கியர் இல்லாத கனத்த வண்டிகள். கேரியரில் தார்ப்பாய், கயிறு, அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு. திருச்சியிலேயே மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். மெல்ல மிதிப்பவரின் வேகமே அனைவரின் வேகம். வலிமை மிக்கவர் கடைசியில் வர வேண்டும். எவர் ஒருவர் ‘நிறுத்துவோம்’ என்றாலும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை, நீடாமங்கலத்தை நெருங்குகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்கியது. வயல்வெளியின் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழல விடவில்லை. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டைகள் வழுக்கின. மேடான இடம் பார்த்துத் தார்ப்பாயைக் கட்டி, நீர் வடியச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினோம். நள்ளிரவில் காற்று முளைகளைப் பிடுங்கி எறிந்தது. எங்களுள் இளையவர் குளிரில் நடுங்கினார். தொட்டுப் பார்த்தால் உடல் நெருப்பாய்க் கொதித்தது.

அருகிலிருந்த கூலித் தொழிலாளர் ஒருவர் அரிக்கேன் விளக்குடன் வந்து, “பிள்ளைங்களா, இங்க ஏன் கிடக்கிறீங்க? வீட்டுக்கு வாங்க” என்று அழைத்துச் சென்றார். அவருடைய கூரையும் இரண்டிடத்தில் ஒழுகிற்று. ஒழுகாத மூலையை நோயாளிக்குத் தந்துவிட்டு, அவருடைய பிள்ளைகள் ஈரத்தில் அமர்ந்திருந்தனர். விடிந்ததும் அவர் மனைவி அனைவருக்கும் கஞ்சி வார்த்தார்.

காலையில் மழை சற்று ஓய்ந்தது. “இவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நாம் போகலாம், இன்னும் ஒன்றரை நாள்தானே” என்றார் ஒருவர். அவரும் கல்நெஞ்சர் அல்லர். ஆறு மாதம் காத்திருந்த பயணம் அது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அப்போது, எவருக்காகப் பயணம் புறப்பட்டோமோ அந்தப் பேரனே, “கடல் எங்கேயும் போய்விடாது. நிறுத்துவோம்” என்றார். விதியின்படி அதன்பின் வாதம் எழவில்லை. வண்டிகளைப் பேருந்தின் கூரையில் ஏற்றி, ஐவரும் தஞ்சைக்குத் திரும்பினோம். நிமோனியா தொடங்கியிருந்ததாகவும், இன்னும் இரண்டு நாள் நனைந்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்றும் மருத்துவர் கூறினார். நாங்கள் வேதாரணியத்தை அடைந்தது மறு ஆண்டு கோடையில்தான், ஐவருமாகவே அடைந்தோம்.

புறப்படும் இளைஞர் சிலவற்றை நினைவிற் கொள்க. மாற்றுடை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் உலர்வாகக் காத்துவைக்க வேண்டும். நனைந்த ஆடையும் காற்றும் சேர்ந்தால், நம் நாட்டிலும் உடல் வெப்பம் விரைவில் குன்றும். இடி முழங்கினால் தனிமரத்தடியில் ஒதுங்கலாகாது. கூடாரமும் மின்னலைத் தடுக்காது. கட்டடத்தைத் தேடிச் செல்ல வேண்டும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடினால், எவ்வளவு ஆழம் குறைந்ததாகத் தோன்றினும் இறங்கலாகாது. ஆற்றுப்படுகையில் கூடாரம் அடித்தல் கூடவே கூடாது. ஒருவருடைய பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் நிற்காவிட்டாலோ, அன்றைய பயணம் அத்துடன் முடிந்தது என்று கொள்க.

இவற்றையெல்லாம் கைபேசியும் சொல்லும். ஆனால் உடன் வருபவர் தளரும்போது ஊர் போய்ச் சேரும் ஆசையை விட்டுக்கொடுக்க, முன்கூட்டியே மனம் இசைந்திருக்க வேண்டும். களைத்து நனைந்து நிற்கும் வேளையில் அவ்விசைவைப் புதிதாய்த் தேடுவது அரிது. ஆதலின் பெற்றோரே, பிள்ளை புறப்படும் நாளில், “பையில் எல்லாம் எடுத்து வைத்தாயா?” என்று கேட்பதோடு, “உங்களுள் கடைசியில் வருபவர் யார்?” என்றும் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் விடை வருமாயின், மனநிறைவோடு வழியனுப்பி வையுங்கள்.