எட்டுச் சுரங்களைக் கேட்கும் காது

ஜொகூர் பாருவில் இடி சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒலி அட்டை வாங்கக் கிளம்பும் ஹாம் வானொலி அன்பர் அந்த இடியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மின்னலின் இரைச்சல் சிற்றலையில் நெடுந்தூரம் பாயும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே குடியிருக்கும் நமக்கு, சுமத்ராவில் மின்னினாலும் ஒலிபெருக்கி படபடக்கும்.

அந்த இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் செய்தியைத் தோண்டி எடுக்கிறது எஃப்டி8 என்ற எண்முறைத் தொடர்பு முறை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் உருவாக்கியது. கணினி நம் எழுத்தை எட்டுச் சுரங்களாக மாற்றுகிறது. சுரத்துக்குச் சுரம் 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி. மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ்தான். வானொலி அதை அனுப்ப, மறுமுனையில் இருக்கும் ஒலி அட்டை அதைக் கேட்டு எண்களாக்கிக் கொடுக்கிறது. காதுக்கு ஒன்றும் கேட்காத இடத்திலும் திரையில் எழுத்து விழுவதைப் பார்க்கையில் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

விலை உயர்ந்த அட்டை தேவையா? தேவையில்லை. குரலுக்கான வானொலி வெளியிடும் ஒலி ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதை நொடிக்கு 48,000 முறை, 16 பிட்டில் அளந்தால் தாராளம். 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இசைப்பதிவுக் கூடத்துக்கு உதவும், இந்த வேலைக்கு அல்ல.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் வேறு: மின்தனிமை. வானொலியும் கணினியும் இரு வழிகளில் பூமியோடு இணைந்தால் இடையில் ஓர் 'ங்' என்ற ரீங்காரம் புகுந்துகொள்ளும். ஒலி போகும் வழியிலும் வரும் வழியிலும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒரு சின்ன மின்மாற்றி வைத்தால் அது அடங்கிவிடும். விரல் அளவு மலிவு யூஎஸ்பி அட்டைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பலவற்றில் மைக் உள்ளீடு மட்டுமே இருக்கும். வானொலியின் வெளியீட்டை நேரே கொடுத்தால் ஒலி நசுங்கிவிடும், இரண்டு மின்தடைகளால் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஐகாம் ஐசி-7300 போன்ற வானொலி கையில் இருந்தால் அட்டை அதற்குள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பி கம்பி ஒன்று போதும்.

எந்த அட்டையானாலும், கணினியின் அறிவிப்பு மணிகள் அதன் வழியே போகாதபடி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவையும் வான்வெளியில் ஒலிக்கும்.

வாங்கியதைச் சோதிக்க ஒரு வழி. ஆண்டெனாவைக் கழற்றி இரைச்சல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டியதும் அளவு சட்டென்று ஏறினால், உங்கள் அட்டையைவிட ஜொகூர் வானமே அதிகம் இரைகிறது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு விலை கொடுத்தாலும் கூடுதலாக ஒரு நிலையமும் கேட்காது.