தலைவர் படம் போதும், சந்தா எங்கே கட்டுவது?

பல சங்கங்களின் அகப்பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது தலைவரின் வாழ்த்துரை. அடுத்து, ஆண்டு விருந்துப் படங்கள். சந்தா கட்ட வந்த உறுப்பினர் கைப்பேசித் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் அலுவலகத்துக்கே போன் போடுகிறார். புதிய அகப்பக்கம் அமைக்கக் கூடும் செயற்குழுவோ பெரும்பாலும் நிறத்தையும் சின்னத்தையும் பற்றித்தான் விவாதிக்கிறது.

உறுப்பினர் எதற்காக வருகிறார் என்பதில்தான் பேச்சு தொடங்க வேண்டும். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தை எடுத்துக்கொள்வோம். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, தீபகற்பத்தில் தொழில் நடத்தும் ஒவ்வொரு வழக்கறிஞரும் அதன் உறுப்பினர். தொழில் சான்றிதழோ டிசம்பர் 31உடன் காலாவதியாகிவிடும். அப்படியானால் ஆண்டு இறுதியில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே வேலைதான்: புதுப்பித்தல். மலேசியக் கணக்காளர் கழக உறுப்பினர்கள் மூன்றாண்டுக்கு 120 மணி நேரத் தொடர்கல்வியைக் கணக்குக் காட்ட வேண்டும். எத்தனை மணி முடிந்தது, எத்தனை பாக்கி என்பது உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட வேண்டிய செய்தி.

வெளியாரும் வருகிறார்கள். கிள்ளானில் வீடு வாங்கும் குடும்பம், ஒப்பந்தம் எழுதித் தருபவர் உண்மையிலேயே வழக்கறிஞர்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வழக்கறிஞர் மன்றமும் கணக்காளர் கழகமும் பெயரைத் தேடிப் பார்க்கும் வசதியை வைத்துள்ளன. முகப்பிலேயே இருக்க வேண்டிய வசதி அது. அதே வேளையில், 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. உறுப்பினரின் அலுவலக முகவரி வேறு, வீட்டு முகவரி வேறு; பின்னதைத் தேடலில் காட்டக் கூடாது.

இனி, எல்லாரும் கடைசியில் நினைக்கும் விஷயம்: பார்வையற்றோருக்கும் அகப்பக்கம் பயன்பட வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். அங்கே வெள்ளைக்கோலுடன் நடப்பவர்கள் கணினியும் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து ஏற்றிய சுற்றறிக்கை அதற்கு வெறும் படம். வாயே திறக்காது. பெயரிடப்படாத பொத்தானையோ வெறுமனே ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லும்; எதற்கென்று சொல்லாது. மாற்றுத்திறனாளிகள் தகவலையும் தொழில்நுட்பத்தையும் மற்றவரைப் போலவே பெறும் உரிமையை மலேசியா 2008லேயே சட்டமாக்கிவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டி நெறி. இளஞ்சாம்பல் எழுத்தை அழகு என்று நம்பும் வடிவமைப்பாளர்கள் இதைப் படிக்க வேண்டும். பார்வை மங்கிய மூத்த உறுப்பினரும் அவர்களுக்கு நன்றி சொல்வார்.

தமிழ்ச் சங்கங்களுக்கு இன்னொரு கடமை உண்டு. கணினி வல்லுநர் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நாடு இது; தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில்தான் கூடியது. யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் பழைய எழுத்துருவில் கிடக்கும் அறிக்கைகளைத் தேடுபொறியால் கண்டுபிடிக்க முடியாது. அவற்றை மாற்றுவது அலுப்பான வேலைதான். செய்தே ஆக வேண்டும்.

பெரிய செலவுக்கு முன் செயற்குழுக்கள் செய்ய வேண்டியவை இரண்டு. அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம், ஒரு மாதம் என்னென்ன கேள்விகள் வந்தன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வடிவம் தயாரானதும், திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்குமுன், பார்வையற்ற ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுத்து அதில் சந்தா கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.