மால்கம் மகரிட்ஜ்: ஒரு கண்டனக்காரரின் சாட்சி

இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பத்திரிகையுலகில், தம் காலத்தின் போக்கை மால்கம் மகரிட்ஜைப் போன்று விடாப்பிடியாக எதிர்த்தவர் சிலரே. 1903இல் இங்கிலாந்தில் சோஷலிசக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1924இல் ஆலுவாயிலுள்ள யூனியன் கிறிஸ்தவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, சில ஆண்டுகள் பணியாற்றினார்.

அவரது பழைமைப் பற்றின் வேரை நாம் 1932இல் காண்கிறோம். 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழின் செய்தியாளராக மாஸ்கோ சென்றபோது, சோவியத் நாட்டைப் புதியதோர் உலகமென்றே நம்பியிருந்தார். ஆனால், உக்ரேனிலும் வட காகசஸிலும் அவர் கண்டது பட்டினியால் மடியும் உழவரையே. தணிக்கைக்குத் தப்பும்படி தூதரகத் தபாற்பையில் அவர் அனுப்பிய கட்டுரைகள் 1933 மார்ச்சில் வெளிவந்தன. அவரோடு ஒத்த கருத்துடைய முற்போக்காளர் பலர் அவற்றை நம்ப மறுத்தனர். மனிதன் தன் ஆற்றலால் பூமியில் பரலோகத்தை அமைப்பான் என்னும் நம்பிக்கை அவரிடம் அங்கேயே மாண்டது.

பின்னர் 'பஞ்ச்' இதழின் ஆசிரியராகவும் தொலைக்காட்சி விமர்சகராகவும் புகழ்பெற்றார். எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் கருத்தடை மாத்திரை வேண்டுமெனக் கோரியபோது, அதற்கு இசையாது 1968இல் தம் ரெக்டர் பதவியைத் துறந்தார். தம் திருமண வாழ்வில் உண்மை தவறிய ஒருவர் பிறருக்கு ஒழுக்கம் போதிக்கலாமோ எனச் சிலர் வினவினர். அவ்வினா நியாயமானதே.

1969இல் அன்னை தெரேசாவைப் பற்றிய படத்துக்காகக் கல்கத்தா சென்றார். மரிப்போர் இல்லத்தின் மங்கிய வெளிச்சத்திலும் காட்சிகள் தெளிவாகப் பதிந்ததை அவர் அற்புதம் என்றார். ஒளிப்பதிவாளரோ, புதுவகைப் படச்சுருளே காரணம் என்றார். மாஸ்கோவில் எதையும் சோதித்தறிந்த கண், தான் விரும்பியதைக் கண்டபோது சோதிக்க மறந்தது எனலாம். எனினும், வாதங்களால் அசையாத அவரை அவ்வில்லத்தின் எளிய ஊழியம் அசைத்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1982இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், 1990இல் மறைந்தார்.

அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி அயல்நாடுகளின் பாவங்களைச் சொன்னதோடு நில்லாது, யூதாவையும் இஸ்ரவேலையும் கடிந்துகொண்டார். மகரிட்ஜும் 1933இல் தம் சொந்தக் கூட்டத்தார் விரும்பாத உண்மையைச் சொன்னார். அவ்வேளையில்தான் அவர் சாட்சி மிகுந்த வலிமை பெற்றது. பிரசங்க பீடத்தினின்று உலகத்தைக் கண்டிப்பது நமக்கு எளிது. நம் சபையாரும் நாமும் கேட்க விரும்பாததை என்று சொன்னோம் என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.